தண்ணீர் அட்டை, தோம்பு, ஒரு காதல்: சாம்பல் அட்டை நாவலை வாசித்து

நாவலின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் இதில் தேடாதீர்கள். எழுதியவர் யாழ்ப்பாணத்து இளம்பெண். வீட்டில் கலியாணப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கதையில் வரும் சில மனிதர்களில் தங்களைக் கண்டுகொள்ளக்கூடிய சொந்தக்காரர்களும் அவருக்கு இருக்கிறார்கள். "என்ன வேணுமெண்டாலும் எழுதுங்கோ ரீச்சர், பேரை மட்டும் போடாதேங்கோ" என்று கேட்டார். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். புத்தகத்தின் அட்டையிலும் ஒன்றும் இல்லை, முழுக்கச் சாம்பல் நிறம்; தலைப்பு உள்ளே முதல் பக்கத்தில்தான். நாவலர் வீதிப் பக்கம் இருக்கும் சின்னப் புத்தகக் கடையில் "அந்தச் சாம்பல் அட்டை" என்றால் எடுத்துத் தருவார்கள். 318 பக்கம், விலை 1,200 ரூபாய்.

நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊரான சில்லாலையில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வியும் படிப்பித்தவள். ஆகவே சில இடங்களில் என் கண் மற்றவர்களின் கண்ணைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கதை 2087இல் நடக்கிறது. கடல் ஏறிவிட்டது. மண்டைதீவு பாதி போய்விட்டது. குடாநாட்டுக் கிணறுகள் எல்லாம் உவர். இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. நமக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் தலைமுறை தலைமுறையாக இறைத்துக் குடித்துவருகிறோம். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து கடல் மேலே வரும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இப்போதே ஓடுகிறது. நாவலில் அப்படிப்பட்ட நிலையங்களின் தண்ணீர் மட்டும்தான் தண்ணீர், அதுவும் அட்டைக்குத்தான். அட்டையைக் கொடுப்பது 'பதிவகம்' என்ற அரச அலுவலகம். முழு அட்டை வேண்டுமென்றால் ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். தாளில் ஒரே வரிதான்: அரசுக்கு மேலாக எனக்கு வேறு விசுவாசம் இல்லை. கையெழுத்து வைத்தவருக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர். வைக்காதவருக்கு 12.

கோயில், பள்ளிவாசல், விகாரை, ஆலயம் என்று எல்லாவற்றுக்கும் இந்த அரசு பூட்டுப் போட்டிருக்கிறது. கதை கத்தோலிக்க வீடொன்றுக்குள் நடப்பதால் அந்தப் பக்கத்தைக் கூடுதலாகப் பார்க்கிறோம், அவ்வளவுதான். எங்களைப் பற்றி நாங்களே எழுதும்போது உலகத்தில் துன்பப்பட்டது நாங்கள் மட்டும்தான் என்ற தொனி சுலபமாக வந்துவிடும். இந்தப் பிள்ளை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

எமில்டாவுக்கு 26 வயது. நிலையத்தில் வடிகட்டித் தகடுகளைக் கழுவும் வேலை. அம்மம்மாவோடு இருக்கிறாள். இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவில்லை. நிருபன் பதிவகத்தின் மீற்றர் பார்ப்பவன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்க் கணக்கு எடுப்பவன், கையெழுத்து வைத்த குடும்பத்துப் பிள்ளை. கையெழுத்து வைத்தவரும் வைக்காதவரும் சேர்ந்து வாழ்ந்தால் இருவர் அட்டையும் பறிபோகும்.

அவன் அந்தப் படலைக்கு முதன்முதல் வருவதே ஒரு கணக்குப் பிழையைத் தேடித்தான். இரண்டு பேருக்குக் கிடைக்கும் 24 லீற்றரையும் இந்த வீடு எடுத்துவிடுகிறது. ஆனால் கழிவுக் குழாயில் அவ்வளவு தண்ணீர் போகவில்லை. மிச்சம் பிடிக்கிற வீட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அவனுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் எங்கே போகிறது?

அம்மம்மா தன் பங்கில் ஒவ்வொரு நாளும் ஒரு தம்ளர் எடுத்துக் கழுவின சோடாப் போத்தலில் ஊற்றி, பழைய சீலைத் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்கிறார். அயலில் குழந்தை பிறந்தால் அந்தத் தண்ணீரில்தான் ஞானஸ்நானம். இரவில் குசினிக்குள் ரோச் வெளிச்சத்தில் குழந்தையின் தலைக்குக் கீழே ஒரு சின்னச் சட்டி பிடிக்கப்படுகிறது. தம்ளர் மூன்று தரம் சரிகிறது. சட்டியில் விழுந்த தண்ணீரை அம்மம்மா கொட்டுவதில்லை. முற்றத்து வேப்பங்கன்றின் அடியில், இலை விழுகிற மாதிரி மெல்ல ஊற்றுகிறார். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் குற்றம் என்பதால் மேலே சாம்பலைத் தூவி மறைக்கிறார். இந்த ஒன்றரைப் பக்கத்துக்காகவே நான் இந்தப் புத்தகத்தை வாங்கச் சொல்வேன்.

மறைக்கல்வி படிப்பித்தவளாகச் சொல்கிறேன், இது முழுக்கச் சரி. அவசரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீர் தலையில் ஓட வேண்டும், வார்த்தைகள் சரியாக இருக்க வேண்டும், திருச்சபை செய்வதைச் செய்கிற எண்ணம் இருக்க வேண்டும். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் பரீட்சைக் கேள்விபோலப் பாடமாக்கிவிட்டுப் போவார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரினால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட மழைக்குள் ஒரு வயதான அம்மா தன் பேரப்பிள்ளையின் தலையில் மழைத்தண்ணீரைக் கையால் ஏந்தி ஊற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பாடம் எனக்கே விளங்கியது. நாவலாசிரியைக்கு அந்த இரவு தெரிய நியாயமில்லை, அப்போது அவர் பிறந்திருக்கவே மாட்டார். ஆனாலும் அந்தக் குசினியை அவர் எழுதிவிட்டார்.

இனிப் பதிவகத்துக்கு வருகிறேன். எதிர்கால நாவல் என்றவுடன் கமரா, இயந்திர மனிதன், மூளைக்குள் சில்லு என்று இறங்கிவிடுவார்கள். இதில் அடக்குமுறையின் முகம் ஒரு லிகிதரின் மேசை. எங்கள் மண்ணின் சரித்திரம் தெரிந்தவர்தான் இப்படி எழுத முடியும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவுடன் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. குருவை ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை என்றே கட்டளை பிறந்தது. ஆலயங்கள் அவர்களுடைய சீர்திருத்தச் சபைக்குப் போயின. ஆனால் சனங்களை நாளாந்தம் இறுக்கியது வாளைவிடத் தோம்பு என்ற பதிவேடுதான். ஒவ்வொரு கோயிற்பற்றிலும் பள்ளித் தோம்பு இருந்தது. ஞானஸ்நானம், கலியாணம், சாவு எல்லாம் அதில் ஏறும். அவர்கள் சபையில் நடக்காத, தோம்பில் ஏறாத கலியாணம் கலியாணமே இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் காணி பூமியில் உரிமை கேட்பது கஷ்டம். ஆகவே பகலில் ஒரு கலியாணம், இரவில் ஒரு கலியாணம். எங்கள் முன்னோர் அந்தக் காலத்தில் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில்தான், 1687இல், கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகள் கூலியாள் வேஷத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைப் பார்த்ததும் எந்த வீட்டுக் கண் மாறுகிறதோ அந்த வீடு கத்தோலிக்க வீடு. அவரை வைத்துப் பார்த்தது எங்கள் சில்லாலை. ஊரில் இதைச் சொல்லாத கிழவி இல்லை. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் ஊரில் அழாதவர் இல்லை. நாவலில் அவர் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. அம்மம்மா ஒருமுறை, "மாலையைப் போட்டுக்கொண்டு பிச்சைக்கு வந்த சாமி" என்கிறார். அது போதும். பெயர் சொல்லிப் பந்தி பந்தியாக விளக்கியிருந்தால் பாடப்புத்தகமாகியிருக்கும்.

ஒல்லாந்தரின் அந்தத் தடைகளை ஆங்கிலேயர் 1806இல்தான் நீக்கினார்கள். கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு. அவ்வளவு காலம் செபங்களைக் காப்பாற்றியது சபையை நடத்திய மூப்பர்மாரும் செபம் சொல்லிக்கொடுத்த அண்ணாவிமாரும் அடுப்படிப் பெண்களும். குருமார் வந்து போனார்கள். இந்த உண்மை நாவலின் எலும்புக்குள் இருக்கிறது. கதை முழுக்கவும் ஒரே ஒரு குருதான் வருகிறார், அவரும் ஓர் இரவுக்கு மட்டும்.

எனக்கு ஒட்டாத இடம் ஒன்று இதே பகுதியில் உண்டு. பதிவக அதிகாரி மாதாவின் படத்தை நிலத்தில் வைத்து மிதிக்கச் சொல்கிறார். அது பதினேழாம் நூற்றாண்டு யப்பானில் நடந்தது. அந்த மண்ணில் அதற்கு இருந்த பாரம் வேறு. ஒரு கையெழுத்தே எவ்வளவு கனம் என்று 100 பக்கமாகக் காட்டிய பிறகு, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது போல அந்தக் காட்சி நிற்கிறது. எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒன்றும் குறையாது.

கையெழுத்து வைத்தவர்களை இந்த நாவல் எப்படி நடத்துகிறது என்பது நான் மிகவும் மதிக்கும் விஷயம். எமில்டாவின் அம்மா கையெழுத்து வைத்தவர். இளைய பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது 12 லீற்றர் போதவில்லை. வைத்த அன்றிலிருந்து தாய் வீட்டுக்கு வர முகமில்லாமல் வேறு ஊரில் இருக்கிறார். ஓர் இரவு வந்து படலையைத் தட்டுகிறார். அம்மம்மா திறந்து, "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்கிறார். புட்டுக் கிடக்கிறது, பழங்கறி கிடக்கிறது. அவ்வளவுதான் காட்சி. கி.பி. 250இல் உரோமைப் பேரரசன் தேசியஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டான். எகிப்தின் மணலில் அந்தச் சான்றிதழ்கள் சில இன்றும் கிடைத்திருக்கின்றன. பலியிட்டவர்கள், பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்கள், எல்லோரும் ஆபத்து ஓய்ந்ததும் திரும்பி வந்தபோது அவர்களை ஏற்பதா என்று கார்த்தேஜில் ஆயர் சிப்பிரியன் காலத்தில் பெரிய தர்க்கம் நடந்தது. அந்தத் தர்க்கத்தை மறைக்கல்வி வகுப்பில் விளக்குவது எனக்கு எப்போதும் சிரமம். இனி இந்தப் படலைக் காட்சியை வாசித்துக் காட்டுவேன்.

இப்போது காதல். இதுதான் பலர் புத்தகத்தை வாங்குவதற்குக் காரணம், எனக்குத் தெரியும்.

நிருபனும் எமில்டாவும் நெருங்குவதை ஆசிரியை மிகவும் மெதுவாகக் கொண்டுபோகிறார். மீற்றர்க் கண்ணாடியில் உப்புப் படிந்து எண் தெரியாமல் இருக்கிறது. எமில்டா விரல் நுனியை நாக்கில் தொட்டு அதைத் துடைத்துவிடுகிறாள். தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று வளர்ந்த பிள்ளையின் கை தன்னாலே செய்கிற வேலை அது. அவன் எண்ணைக் குறிக்க மறந்து நிற்கிறான். அடுத்த மாதம் வரும்போது கண்ணாடியில் உப்பு இல்லை, முன்கூட்டியே துடைத்திருக்கிறாள். அவனுக்கு ஏமாற்றம். பெண் எழுத்தாளர் எழுதியது என்று யாரும் சொல்லாமலே சொல்லிவிடலாம்.

நாவலின் இதயம் 14ஆம் அத்தியாயம். பண்ணைப் பாலத்தின் உடைந்த பக்கத்தில் இருவரும் இருந்து கதைக்கிறார்கள். எமில்டா தங்கள் வீட்டு ஒளிப்புகளைச் சொல்கிறாள்: போத்தல், சட்டி, சாம்பல். அவன் கேட்டுவிட்டுச் சொல்கிறான்: "உங்கட ஆக்கள் மட்டுமோ? எங்கட அப்பாச்சியின்ர அப்பாச்சி காலத்துக் கதை ஒண்டு இருக்கு." விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையை வெளியில் எறிந்தால் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், கண்டுவிடுவான் என்று கூரைக்குள் செருகி மறைத்த கதை. யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் இன்றும் சொல்கிற கதைதான். பிறகு அவன் இன்னொன்றும் சொல்கிறான்: "நல்லூர்க் கோயிலை இடிச்சது உங்கட வேதக்காரர்தானே." அவன் சொல்வது சரி. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேரா, அடுத்த ஓரிரு வருடங்களுக்குள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தள்ளினான். எமில்டாவிடம் பதில் இல்லை. அவளும் பதிலுக்கு 1544ஐ எடுக்கிறாள்: மன்னாரில், புதிதாகக் கத்தோலிக்க வேதத்தில் சேர்ந்த 600க்கும் மேற்பட்டவர்களை வெட்டச் சொன்னது யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன். அவர்களின் நினைவு ஆலயம் இருக்கும் தோட்டவெளிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார்கள். பிறகு நிருபன், "வாழையிலையை எந்தப் பக்கம் மடிச்சுச் செருகிறது எண்டு அப்பாச்சிக்குத் தெரியும்" என்கிறான். எமில்டா சிரித்துவிடுகிறாள்.

இந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன், உடனே தொடர மனம் வரவில்லை. இரண்டு வீட்டாரும் ஒளித்தவர்கள், இரண்டு வீட்டாரின் பக்கத்திலும் ஒளிக்க வைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அதைப் பேசிய பிறகுதான் இவர்களுக்குள் காதல் வருகிறது, அதற்கு முன்னால் இருந்தது விருப்பம் மட்டும். வேதனை அனுபவிக்கிற நல்லவர்கள், வேதனை கொடுக்கிற கெட்டவர்கள் என்று பிரித்துவிட்டால் எங்கள் ஊரில் சைவப் பெடியனும் வேதக்காரப் பெட்டையும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்க முடியாது.

காதலுக்குத் தடை பதிவகத்திலிருந்து மட்டும் வரவில்லை. இரகசியமாகக் கூடும் சபையின் மூப்பரிடம் எமில்டா விஷயத்தைச் சொல்கிறாள். அவர் முதலில் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்பது: "அவன் ஆர் ஆக்கள் எண்டு விசாரிச்சனியோ?" 12 லீற்றர் தண்ணீரில் உயிர் பிடிக்கிற, அடுத்த நத்தாருக்கு இருப்போமா என்று தெரியாத சபையில், நிலக்கீழ் அறைக்குள் இருந்துகொண்டு சாதி கேட்கிறார். எங்கள் ஊர்களில் ஒரே வீதியில் இரண்டு ஆலயம் ஏன் வந்தது, ஆலயத்துக்குள் ஆர் எங்கே இருப்பது என்று சண்டை ஏன் வந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். இந்தப் பிள்ளை மாற்றவில்லை. துன்பப்படுகிற சபை என்பதற்காகவே சபை சுத்தமாகிவிடாது என்று எழுதத் துணிவு வேண்டும். பெயர் போடாததற்கு இந்தப் பக்கமும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் பெரியம்மாவின் மகள் ஒரு சைவப் பெடியனை விரும்பினாள். பங்குச் சுவாமி ஆயரிடம் விலக்குப் பெற்றுத் தர ஆயத்தமாக இருந்தார். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. இரண்டு வீட்டிலும்தான் இடம் இருக்கவில்லை. அவள் கொழும்புக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டாள், பெரியம்மா சாகும்வரை அவள் பெயரைச் சொல்லவில்லை. அரசாங்கம் எதுவும் அவளைத் தடுக்கவில்லை. நாவலை வாசிக்கும்போது இந்த மூப்பரின் குரல் எனக்குப் பெரியம்மாவின் குரலாகவே கேட்டது.

நிருபன் ஞானஸ்நானம் கேட்டு வருகிற இடமும் நல்ல இடம். அம்மம்மா உடனே கொடுப்பதில்லை. "எனக்காகக் கேக்கிறியோ, அவளுக்காகக் கேக்கிறியோ, ஆண்டவருக்காகக் கேக்கிறியோ?" என்கிறார். அவன், "அவளுக்காகத்தான் வந்தனான். இப்ப ஏன் நிண்டுகொண்டு இருக்கிறன் எண்டு எனக்கே தெரியேல்லை" என்கிறான். அம்மம்மா அவனை ஆறு மாதம் வரப் பண்ணுகிறார். ஒவ்வொரு முறையும் ஒரு செபம், தன் பங்குத் தண்ணீரில் ஒரு வாய்த் தேத்தண்ணி. தபசு காலத்தில் புத்தகமில்லாமல், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை நினைவிலிருந்து பாடிக் காட்டுகிறார், இடையில் அடி மறந்து நிற்கிறார், அவன் மூன்றாவது வாரம் அந்த அடியை எடுத்துக் கொடுக்கிறான்.

கலியாணம் குரு இல்லாமல் இரண்டு சாட்சிகளுக்கு முன் நடக்கிறது. என்னோடு வாசித்த ஒருவர் இது கதைக்காகச் செய்த வேலை என்றார். இல்லை. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1116ஆம் எண்ணில் இது இருக்கிறது: பெரிய இடையூறு இல்லாமல் குருவை அடைய முடியாது, அந்த நிலை ஒரு மாதமாவது நீடிக்கும் என்று தெரிந்தால், சாட்சிகள் முன்னிலையில் இருவரும் சம்மதம் சொன்னாலே அது செல்லுபடியாகும் திருமணம். ஆசிரியை இதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். தெரியாதவர்கள் அவர்களை ஓடிப்போன சோடி என்று நினைத்துவிடுவார்கள், அந்த இரவின் பாரம் அவர்களுக்குப் போய்ச் சேராது.

குறை சொல்ல வேண்டியவை உண்டு. மறைக்கல்வி ரீச்சருக்கு உடனே வரும் கேள்வி: ஞானஸ்நானத்துக்குக் கடல்நீரும் செல்லும். நாலு பக்கமும் கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த குடாநாட்டில் அம்மம்மா ஏன் குடிநீரைச் சேர்க்க வேண்டும்? கரையெல்லாம் வேலி அடைத்துக் காவல் போட்டிருக்கிறார்கள் என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தால் முடிந்தது. எமில்டா வேலை செய்வதே கடல்நீர் வந்து விழுகிற நிலையத்தில் என்பதால் இந்த ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. இதை அவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

கடைசி 70 பக்கம் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. படகு, துரத்தல், வெடி, நெடுந்தீவுக்கு அப்பால் இருட்டில் ஒரு வெளிச்சம். அதுவரை மேசைக்குப் பின்னால் சாதாரண மனிதராக இருந்து பயமுறுத்திய அதிகாரி திடீரென்று நாலு பக்கப் பிரசங்கம் வைக்கிறார். மீற்றரும் போத்தலும் படலையும் கட்டியெழுப்பிய பயத்தை ஒரு படகோட்டம் கலைத்துவிடுகிறது. இளம் எழுத்தாளர்களுக்கு யாரோ, முடிவில் வேகம் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் போல. தேவையே இல்லை. யார் தப்புகிறார்கள், யார் கையெழுத்து வைக்கிறார்கள் என்பதை நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த முடிவை ஒரு மேசையிலேயே, ஒரு பேனையோடு முடித்திருக்கலாம்.

இன்னொன்று, நாவல் போரைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2087இல் வாழும் அம்மம்மாவின் அம்மா நவாலி ஆலயத்தை நினைத்திருக்கமாட்டாரா? 1995 யூலை 9இல் அங்கே இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்த சனங்கள் குண்டுவீச்சில் செத்தார்கள். அவர்கள் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார்கள் என்று சொல்லவரவில்லை, அது வேறு கொடுமை. 2019 உயிர்த்த ஞாயிறு வேறு. அன்று பூசைக்குப் போனவர்களைத் தேடி வந்து கொன்றார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நாங்களும் ஆலய வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போனோம். வாசலில் கணக்கெடுக்கப்படும் சபையைப் பற்றி எழுதும் ஒருவர் இவற்றை எங்கேயாவது ஒரு வரியில் தொட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பயமா, கவனமா, எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கவும் மனம் வரவில்லை.

புத்தகத்தின் செய்நேர்த்தி மோசம். பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த பிரதியில் 97ஆம் பக்கத்திலிருந்து ஒரு கட்டு அப்படியே கையோடு வந்துவிட்டது. கடையில் மறுபேச்சில்லாமல் வேறு பிரதி தந்தார்கள், அதற்கு நன்றி. எழுத்து மிகச் சிறிது, என் வயதுக்காரர்களுக்குக் கண் வலிக்கும். றகர ரகரப் பிழைகள் வாசிப்பை இடறுகின்றன. 'கரை', 'கறை' இரண்டும் முக்கியமான ஓரிடத்தில் மாறிப்போய், ஒரு பந்தியைத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது. பேச்சு மொழி மட்டும் குறையில்லாதது. மூப்பர் ஒருவிதம், நிருபனின் அப்பா ஒருவிதம், நிலையத்து மேற்பார்வையாளர் ஒருவிதம் என்று கதைக்கிறார்கள், ஆர் பேசுகிறார் என்று பார்க்காமலே தெரிகிறது.

எனது சைவச் சிநேகிதி ஒருத்திக்குக் கொடுத்தேன். செபங்களுக்கு அடிக்குறிப்பு இல்லையே, விளங்குமா என்று யோசித்தேன். 'உத்தம மனஸ்தாபம்' (பாவத்துக்கு மனம் வருந்திச் சொல்லும் செபம்) என்றால் என்னவென்று மட்டும் கேட்டாள். மற்றபடி வாழையிலை அத்தியாயத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். பங்கு இளைஞர் மன்றங்கள் இதைச் சேர்ந்து வாசிக்கலாம், ஆனால் விசாரணை அறை வரும் 19ஆம் அத்தியாயம் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. அதில் அடி உதை கொஞ்சம்தான். தண்ணீர் நிறைந்த கிளாஸ் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள், அதுதான் தாங்க முடியாதது.

1,200 ரூபாய் கொடுக்கலாம். வாங்கும்போது நடுப்பக்கங்களை ஒருக்கா விரித்துப் பார்த்து, ஒட்டு நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் மிச்சம் அதிகமில்லை, இரண்டாம் பதிப்புக்குப் பேச்சு நடக்கிறது என்றார்கள். நடந்தால் எழுத்தைப் பெரிதாக்கி, பிழை திருத்த யாரையாவது பிடித்து, அந்தப் படகைக் கரையிலேயே விட்டுவிடச் சொல்லி ஆசிரியைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பிழை திருத்த ஆள் கிடைக்காவிட்டால் நான் பார்த்துத் தருகிறேன் என்றும் எழுதினேன்.